பாட்டு இறங்கும் இடம்

ஆம்பூர்
3.10.2024

திரு. அன்பரசன் அவர்களுக்கு,

பதிவுத் தபாலைக் கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே என் எழுத்து என்று தெரிந்திருக்கும். போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. தபால்காரரைத் தடுக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

விவாகரத்து ஆகி எட்டு வருடத்தில் உங்களிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உங்கள் யூடியூப் வீடியோவில் காமாலை வந்து படுத்திருக்கும் அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை யார்?

எங்கள் பேக்டரியில் ஒரு பெண் காட்டினாள். "மேடம், உங்க ஊரைப் பத்தி ஒருத்தர் சூப்பரா பேசுறாரு, பாருங்க" என்றாள். பார்த்தேன். லான்டர்ன் பாரிஷ் என்ற வெளிநாட்டு இசைக் குழுவின் 'நைன் ரூம்ஸ் ஆஃப் சால்ட்' இசைத்தட்டு வெளிவந்து ஐம்பது வருடம், நவம்பர் பதினேழாம் தேதி வேலூரில் விழா, நீங்கள் சிறப்புரை. நல்லது. அதற்கு முன்னோட்டமாக ஒரு கதை சொல்கிறீர்கள். ஆம்பூரில் ஒரு சின்ன வீடு. ஜன்னலில் தோல் பதனிடும் டேனரி வாடை. காமாலைக் காய்ச்சலோடு தரையில் படுத்து, ஸ்பீக்கரில் காதை ஒட்டி, ஏழு ஏழாகப் போகும் தாளத்தைப் பல்லைக் கடித்துக் கடித்து எண்ணியது. பக்கத்து டேனரி டிரம் சுற்றுகிற சத்தமும் பாட்டின் தாளமும் ஒரு இடத்தில் சேர்ந்துகொண்டபோது அழுதது.

அன்பரசன், அது என் காமாலை. என் பல். என் அழுகை.

நீங்கள் திமிரிக்காரர். வேர்க்கடலைக் கொல்லையில் வளர்ந்தவர். கல்யாண ஆர்க்கெஸ்ட்ராவைத் தவிர வேறு கிடாரை இருபத்தைந்து வயது வரை கேட்டதில்லை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். கல்யாணமான புதிதில் ஏலகிரி பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு வாந்தி வராமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தீர்களே, அப்போது நான் சொன்ன கதை அது.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. விழா மேடையில் ஒரு வாக்கியம். "இது அமிர்தவள்ளியின் கதை, அந்த இசைத்தட்டு அவள் அப்பா இருதயராஜுடையது." இதைச் சொல்லிவிட்டு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள்.

அமிர்தவள்ளி


வேலூர்
9.10.2024

அமிர்தம்,

எத்தனை வருடத்துக்குப் பிறகு உன் கையெழுத்து! கோபத்தில்கூட வரி நேராக இருக்கிறது. தோலில் ஓட்டை தேடித் தேடியே உன் கண் அப்படிப் பழகிவிட்டது. இருபது வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவளுக்கு உலகமே ரிஜெக்ட் ஆகத்தான் தெரியும்.

பதற்றப்படாமல் கேள். ஒரு பெரிய இசைத்தட்டு என்பது ஒருவருடைய வீட்டுச் சாமான் இல்லை. ஐம்பது வருடம் கழித்தும் அது ஏன் உயிரோடு இருக்கிறது? கேட்கிற ஒவ்வொருவனும் அதற்குள் தன் வாழ்க்கையைக் கொண்டுபோய் வைக்கிறான். அந்த முதல் பக்கம் இருபத்தொரு நிமிடம் ஒரே பாட்டு. பல்லவி கிடையாது. எங்கே போகிறோம் என்று யாரும் கையைப் பிடித்துச் சொல்வதில்லை. ஒரு அறைக்குள் நுழைகிறோம், ஆர்கன் ஒலிக்கிறது. அடுத்த அறை, புல்லாங்குழல். திரும்பி வந்தால் பழைய அறையே வேறு மாதிரி இருக்கிறது. இப்படிப்பட்ட பாட்டைக் கேட்கிறவன் எது தன் நினைவு, எது அடுத்தவர் நினைவு என்று கணக்கு வைத்துக்கொண்டிருக்க முடியுமா? உன் கதை எனக்குள் இத்தனை வருடம் இருந்து என் கதையாகிவிட்டது. அதைப் பெருமையாக எடுத்துக்கொள்.

அப்புறம், என் பேச்சின் உயிர் அந்தக் காமாலை இல்லை. பதினான்காவது நிமிடத்தில் வரும் இறக்கம். ஆர்கன் உச்சத்தில் நிற்கும்போது மொத்தப் பாட்டும் தரைக்குள் புதைவதுபோலக் கீழே இறங்கி, ஒரு மூச்சு விடும் நேரம் கழித்து மறுபடி எழும்புகிறதே, அந்த இடம். உலகத்தில் எந்த இசையமைப்பாளனும் நினைத்துப் பார்க்காத இடம். இப்போது இன்டர்நெட்டில் கிடைக்கும் பதிப்பில் அது இல்லை. சுத்தம் செய்கிறேன் என்று துடைத்துவிட்டார்கள் பாவிகள். என்னிடம் இருக்கும் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. பதினைந்து வருடமாக நம் ஞாயிறு இசைக் கூட்டத்தில் அதைப் போட்டுக் காட்டி விளக்கம் சொல்லி வருகிறேன். அந்த விளக்கமாவது என்னுடையது என்று ஒப்புக்கொள்வாய் அல்லவா?

மேடையில் பெயர் வாசிப்பதெல்லாம் கோயில் திருவிழா உபயதாரர் பட்டியல் மாதிரி இருக்கும். வேண்டாம்.

அன்பு


ஆம்பூர்
15.10.2024

திரு. அன்பரசன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எவ்வளவு அழகாகத் திருடுகிறீர்கள்.

கல்யாண வாழ்க்கை முழுக்க நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீங்கள்தான் முடிப்பீர்கள். விருந்தாளிகள் சிரிப்பார்கள். நான் காபி போடப் போவேன். எங்கள் அப்பா செத்த வீட்டில்கூட, அவர் கடைசியாக என்னிடம் சொன்னதை உங்கள் தோஸ்துகளிடம் நீங்கள் கேட்டதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நீங்கள் அப்போது டீக்கடையில் இருந்தீர்கள். அன்றைக்கே முடிவு செய்தேன். கோர்ட்டில் வேறு என்னென்னவோ காரணம் எழுதினார்கள். உண்மையான காரணம் அதுதான்.

எங்கள் அப்பா ஏற்றுமதிப் பிரிவில் கிளார்க். தோல் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது பெட்டியில் இடமில்லாமல் அந்தத் தட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. மாதாகோயில் பாட்டுக்கு அப்புறம் அவர் கேட்ட ஒரே பாட்டு அது. டேனரியிலிருந்து வந்து காலைக் கழுவிவிட்டு அந்தத் தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவார். "இதுல யாரும் அவசரப்படுத்தலம்மா" என்பார். ஐம்பது வருடம் அது ஏன் உயிரோடு இருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அப்பா அதை ஒரு வரியில் சொல்லிவிட்டார். தயவுசெய்து இதையும் மேடையில் உங்கள் அப்பா சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

நான் கேட்ட வாக்கியத்தைச் சொல்வீர்களா, மாட்டீர்களா? நேராகப் பதில் எழுதுங்கள்.

அமிர்தவள்ளி


வேலூர்
21.10.2024

அமிர்தம்,

மாட்டேன்.

உனக்கு நேரான பதில் பிடிக்கும் என்பதால் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். பதினைந்து வருடம் பேசிப் பேசி இந்த ஊரில் அந்தத் தட்டுக்கு ரசிகர்களை உண்டாக்கியவன் நான். காட்பாடியில் காலேஜ் பையன்கள் அதைப் பற்றிப் பாட்டு எழுதுகிறார்கள். கணியம்பாடியிலிருந்து ஒரு விவசாயி மாதாமாதம் வருகிறார், புல்லாங்குழல் வரும் இடத்துக்காக மட்டும். இதெல்லாம் உன்னால் நடந்ததா? நீ அந்தப் பாட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருப்பாய்.

இத்தனைக்கும் உன் பக்கம் என்ன சாட்சி இருக்கிறது? தட்டும் வெயிலில் வளைந்துபோய்விட்டது என்று நீதான் சொன்னாய். கேசட் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு கூட்டத்துச் சுந்தரமூர்த்தியிடம் போய்ச் சொல்லிப் பார். முன்னாள் மனைவி பேஜார் பண்ணுகிறாள் என்றுதான் நினைப்பார்.

விழாவுக்கு வா. முன்வரிசையில் நாற்காலி போடச் சொல்கிறேன். முடிந்தால் ஒரு சால்வையும்.

அன்பு


ஆம்பூர்
28.10.2024

திரு. அன்பரசன் அவர்களுக்கு,

சால்வை வேண்டாம். நான் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன்.

தட்டு வளையவில்லை. உங்கள் கை பட வேண்டாம் என்பதற்காகச் சொன்ன பொய் அது. அப்பா வீட்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதில் உங்கள் இறக்கம் கிடையாது. ஆர்கன் உச்சத்தில் நின்று, பாட்டு அப்படியே மேலே போகிறது. எந்தக் கம்பெனிக்காரனும் எதையும் துடைக்கவில்லை.

1984இல் அப்பா அந்தத் தட்டை, இப்போது உங்களிடம் இருக்கும் கேசட்டில் ஏற்றினார். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டு ஷபீ அஹமது மாமாவிடம் கேசட் டெக் இரவல் வாங்கினார். ரெக்கார்டு பிளேயர், டெக் இரண்டுக்கும் ஒரே பிளக். பாதிப் பாட்டில் கரண்ட் போய்விட்டது. உடனே வந்தும் விட்டது. நீங்கள் பதினைந்து வருடமாக விளக்கம் சொல்லும் மேதைமை ஆம்பூர் மின்வாரியத்துடையது.

உங்களோடு இருந்தபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அந்த இடம் வரும்போது உங்கள் முகம் எப்படி ஆகும் என்று பார்ப்பது எனக்குப் பிடித்திருந்தது. அது ஒரு காலம்.

விழாவில் என் பெயரைச் சொல்லாவிட்டால் எழுந்து நின்று இதை நானே மண்டபத்தில் சொல்லுவேன். யோசித்துக்கொள்ளுங்கள்.

அமிர்தவள்ளி


வேலூர்
4.11.2024

அமிர்தம்,

மிரட்டலுக்கு நன்றி. கேசட்டையும் இன்டர்நெட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டேன். நீ சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. கரண்ட்! எவ்வளவு அழகான விஷயம். இதை இவ்வளவு நாள் மனதில் போட்டுப் பூட்டி வைத்திருந்தாயே, அதுதான் உன்னுடைய பிரச்சினை.

நீ அவ்வளவு தூரம் பஸ் ஏறி வர வேண்டாம். சொல்ல வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்பு


வேலூர்
19.11.2024

அமிர்தவள்ளி,

சந்தோஷமா?

நீ வரவில்லை. வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. வீட்டில் உட்கார்ந்து லைவ்வில் பார்த்திருப்பாய் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

இருந்தாலும் நானும் சொல்கிறேன். மண்டபம் நிறைந்திருந்தது. நான் எழுந்து, "பதினைந்து வருஷமா உங்ககிட்ட ஒரு ரகசியத்தை மறைச்சு வெச்சிருந்தேன்" என்று தொடங்கினேன். அந்த வீடு, அந்த டெக், ஒரே பிளக். கரண்ட் போனதும் இருட்டில் நான் தீப்பெட்டி தேடியது, அப்பா "சத்தம் போடாத" என்றது. எல்லாம் சொன்னேன். மேதைகளின் பாட்டில் நம்ம ஊர் கரண்ட் கலந்திருக்கிறது, அதனால்தான் அது நமக்கு நெருக்கம் என்று முடித்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். கணியம்பாடிக்காரர் கண்ணைத் துடைத்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் சுந்தரமூர்த்தி கையைத் தூக்கினார். கிண்டலாக இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், ஒரே ஒரு டவுட்டு. ரெண்டும் ஒரே பிளக்குன்னீங்க. கரண்ட் போச்சுன்னா டெக்கும்தானே நின்னுருக்கும்? அப்புறம் அந்த எறக்கத்த எது ரெக்கார்டு பண்ணுச்சு?"

நான் ஏதோ சொன்னேன். ஒரு பையன், "போட்டுக் கேட்டா தெரிஞ்சிடும்ணா" என்றான். போட்டார்கள். சுந்தரமூர்த்தி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இது கரண்ட் இல்ல சார். யாரோ தட்டுல கை வெச்சிருக்காங்க" என்றார். பின்வரிசையில் ஒரு அம்மாள் சத்தமாகவே கேட்டாள், "அப்போ இவரு அங்க இல்லவே இல்லியா?"

சிரித்தார்கள், அமிர்தம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காமாலையைப் பற்றிக்கூட ஒருவன் கேட்டான், எந்த வருஷம் சார் என்று. கையில் கேசட்டோடு பக்கவாசல் வழியாக இறங்கி வந்தேன்.

நீ தெரிந்தேதான் எழுதினாய். பொய் சொல்லி என்னைக் கிணற்றில் தள்ளினாய். ஒரு மனுஷியா நீ?

அன்பரசன்


ஆம்பூர்
25.11.2024

அன்பரசன்,

ஆமாம், சந்தோஷம்தான். லைவ்வில் பார்த்தேன். பேக்டரிக்கு ஒரு நாள் லீவு போட்டு மறுபடியும் பார்த்தேன். அந்த அம்மாள் கேட்ட இடத்தை மட்டும் பல தடவை.

நான் உங்களைத் தள்ளவில்லை. கிணற்று ஓரத்தில் ஒரு கதையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். என் பெயரைச் சொல்லுங்கள் என்று எழுதியும் இருந்தேன். நீங்கள்தான் ஓடிவந்து எடுத்துக்கொண்டீர்கள். தீப்பெட்டியும் இருட்டும் நான் எழுதியவை இல்லை, அவை உங்கள் சொந்தச் சரக்கு. தட்டைப் பட்டப்பகலில் ஏற்றினோம்.

என் பெயரைச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. "அமிர்தவள்ளி இப்படிச் சொல்கிறாள்" என்று சொல்லியிருந்தால் சுந்தரமூர்த்தி அண்ணனின் கேள்வி எனக்கல்லவா வந்திருக்கும்? மண்டபம் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கும். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்துதான் எழுதினேன். ஒரு வாக்கியம் உங்களைக் காப்பாற்றியிருக்கும். நீங்கள் சொல்ல மாட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். இருபது வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

பிளக் விஷயமும் உங்களுக்கு உறைக்காது என்று தெரியும். நம் வீட்டில் ஒரு பல்பைக்கூட நீங்கள் மாட்டியதில்லை. சுந்தரமூர்த்தி அண்ணன் கல்யாண மண்டபங்களில் முப்பது வருடமாக மைக்செட் போடுகிறவர். கரண்ட் போனால் எது எது நிற்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி உண்மையைச் சொல்கிறேன். அன்றைக்குக் கரண்ட் போகவில்லை. அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே போனார். நான் தட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆர்கன் உச்சத்துக்குப் போகும்போது, சுற்றிக்கொண்டிருந்த தட்டின் மேல் விரலை வைத்தேன். அழுத்தினேன். பாட்டு முனகிக்கொண்டே கீழே போனது. விரலை எடுத்தேன், ஏறிக்கொண்டது. டெக் தன்பாட்டுக்கு ஓடியது. அப்பா வந்து கேட்டபோது ஒன்றுமில்லை என்றேன்.

பதினைந்து வருடமாக ஞாயிறுதோறும் நீங்கள் கும்பிட்டது என் விரலை.

நேற்று தட்டைப் போட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் பாட்டு நிற்காமல் போகிறது. அதுதான் சரி, அப்படித்தான் அவர்கள் வாசித்தார்கள். கேட்டுக் கேட்டுப் பழகியும் எனக்கு அலுக்கவே இல்லை. ஏழாவது அறையைத் தாண்டும்போது இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். இவ்வளவு பேர் இத்தனை வருடம் பேசியும் அதில் தேய்ந்தது ஒன்றுமில்லை. நீங்கள் பேசியும்கூட.

அமிர்தவள்ளி


வேலூர்
3.12.2024

அமிர்தம்,

ஒரு வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீடியோக்களை எல்லாம் எடுத்துவிட்டேன். ஞாயிறு கூட்டத்துக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. கேசட்டை இதோடு அனுப்புகிறேன். அது என்னுடையது இல்லை. முதல் தடவையாக நேராக எழுதுகிறேன், கதையும் என்னுடையது இல்லை. உன்னுடையது. இதை எங்கே வேண்டுமானாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். சுந்தரமூர்த்தியிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன், தட்டு இருதயராஜ் மாமாவுடையது, காமாலையோடு படுத்துக் கேட்டது நீ என்று. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். அவ்வளவுதான்.

அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை அந்த இடத்தைக் கேட்டேன். விரல் என்று தெரிந்த பிறகு இன்னும் மோசமாக இருக்கிறது. முன்பு பாட்டாகக் கேட்டேன், இப்போது ஒரு பிள்ளை அங்கே உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அவ்வளவு பிடித்த பாட்டை எதற்காக அந்த இடத்தில் நிறுத்தினாய்? விளையாட்டுக்காகச் செய்தது மாதிரி இல்லை. விளையாடும் பிள்ளை உடனே கையை எடுத்துவிடும். நீ அழுத்தியிருக்கிறாய். அன்றைக்கு உங்கள் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. மாமாவோடு சண்டையா? அத்தையா? ராத்திரி தூக்கம் வரவில்லை, அதே யோசனை.

இதை யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியம். எனக்குத் தெரிந்தால் போதும். இத்தனை வருடம் அந்த இடத்தோடு வாழ்ந்தவனுக்கு அவ்வளவு உரிமைகூட இல்லையா? ஏன் நிறுத்தினாய், அமிர்தம்?

அன்பரசன்


ஆம்பூர்
10.12.2024

அன்பரசன்,

கேசட் வந்து சேர்ந்தது. பெட்டி ஓரம் உடைந்திருந்தது, நாடா நன்றாக இருக்கிறது.

சுந்தரமூர்த்தி அண்ணன் போன் செய்தார். வரும் ஞாயிறு தட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போடுவேன், கேட்பார்கள், எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

உங்கள் கேள்வி. விரல் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் யோசிப்பது சரிதான், அன்றைக்கு வீட்டில் ஒன்று நடந்தது. அப்பாவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. இப்போது எனக்கு மட்டும். நல்ல கதை, அன்பரசன். நீங்கள் சொன்னால் மண்டபமே அழும்.

சொல்ல மாட்டேன். உங்களிடம் இல்லை, எந்தக் கூட்டத்திலும் இல்லை. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன்.

யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அந்தப் பாட்டைப் பற்றி நீங்கள் மேடையில் சொல்லும் முதல் உண்மை அதுவாக இருக்கும்.

அமிர்தவள்ளி